கயிற்றின் வயது

மரம் நடுவதன் மாண்பைப் பேசாத மேடை இன்று நம் நாட்டில் இல்லை. அமைச்சர் நடுகிறார், ஆட்சியர் நடுகிறார், பள்ளிப் பிள்ளைகள் நடுகின்றனர். நட்டவர் படம் மறுநாள் நாளிதழில் வருகிறது. அவ்வாறு நட்ட மரம் வளர்ந்து, கிளை பரப்பி, அடுத்த வீட்டு மாடியில் சாய்ந்து, மின்கம்பியில் உரசி, ஒருநாள் காற்றில் முறிந்து தொங்கும்போது அதன்மீது ஏறுகிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் படம் எந்த நாளிதழிலும் வருவதில்லை. வந்தால், விழுந்த செய்தியோடுதான் வருகிறது.

புன்னை மரத்தைத் தமக்கை என்று சொன்ன இலக்கியம் நம்முடையது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றிய மொழி நம்முடையது. பகைவனின் காவல்மரத்தை வெட்டுவது அவன் மானத்தையே வெட்டுவதாகப் பண்டைய வேந்தர் கருதினர். அங்கெல்லாம் கோடாலி ஏந்தி நிற்பவன் பகைவனாகவோ வென்றவனாகவோதான் நிற்கிறான். மரத்தைக் காப்பதற்காகவே அரிவாள் எடுப்பவன் அந்தக் காட்சிகளில் வருவதில்லை. இக்கட்டுரை அவனைப் பற்றியது; அவனைவிட மிகுதியாக, அவனிடம் பேரம் பேசிய நம்மைப் பற்றியது.

நாம் வாழும் பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஆந்திர மாநிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர். 1960இல் திருத்தணியோடு சென்னை மாநிலத்தில் வந்து சேர்ந்த பகுதி. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். கொசத்தலையாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். மேலே கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் தரைப்பாலங்களை மூழ்கடித்துக்கொண்டு வரும். மாந்தோப்புகள், சாலையோரப் புளி, வீட்டுக்கு வீடு வேம்பு, ஏரிக்கரையில் பனை, எங்கும் சீமைக் கருவேல். மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டியின் ஆலைகள். மேற்குக் கோடியில் நம் மரங்கள்.

இவ்வூரில் கிளை கழிப்பது முன்பெல்லாம் ஒரு தொழிலாகவே கருதப்படவில்லை. கூலிக்கு வரும் ஒருவர் அரிவாளும் தாம்புக்கயிறுமாக ஏறுவார். கழித்த விறகில் பாதியைக் கூலியாகக் கொண்டுபோவார். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக் கரையில் ஏறிற்று. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் சென்னை மாநகரில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அழகுக்கென்று நட்ட மேலோட்ட வேர் மரங்களும், சாலை போடும்போதும் கால்வாய் தோண்டும்போதும் ஒரு பக்கத்து வேரை இழந்த மரங்களுமே அவற்றுள் பெரும்பாலானவை. நம் பகுதியிலிருந்து பலர் அவற்றை அறுத்து அகற்றும் வேலைக்குப் போயினர். போனவர்களுள் ஒருவர், அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு மோட்டார் ரம்பம் வாங்கிக்கொண்டு திரும்பினார். சோளிங்கர் செல்லும் சாலையோரம் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்குப் பிடித்து, தகரக் கொட்டகை போட்டு, மரவாடி ஒன்றைத் தொடங்கினார். அவரை வாடிக்காரர் என்றே இங்குக் குறிப்போம்.

அவ்வாடிக்கு நாம் முதலில் போனது விறகுக்காக. பின்னர் போனது, ஒப்புக்கொள்வதில் தவறில்லை, வேடிக்கை பார்ப்பதற்காக. நூலோடு வாழ்கிறவனுக்குக் கருவியோடு வாழ்கிறவனைக் கண்டால் ஒரு பொறாமை உண்டு.

மாலையில் ஆட்கள் வேலை முடித்து வந்ததும் அங்கே இரண்டாவது வேலை தொடங்கும். முதலில் மிஷினைத் துடைக்க வேண்டும் (மோட்டார் ரம்பத்தை அவர்கள் வெறுமனே மிஷின் என்றுதான் சொல்கிறார்கள்). காற்று வடிகட்டியில் மரத்தூள் அடைத்திருக்கும். அதைத் தட்டிக் கழுவ வேண்டும். அதன் எஞ்சின் எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடுவது. லிட்டருக்கு 20 மில்லி, சில மிஷின்களுக்கு 25 மில்லி. எண்ணெய் குறைந்தால் எஞ்சின் உள்ளுக்குள் உரசி இறுகிப்போகும். மிகுந்தால் புகையைக் கக்கி நின்றுவிடும். சங்கிலிக்குத் தனி எண்ணெய். சிக்கனம் என்று சொல்லிப் பலர் லாரியில் வடித்த பழைய எண்ணெயை ஊற்றுகிறார்கள். அது மிஷினையும் கெடுக்கும். ஓடும்போது தெறித்து மண்ணிலும் மரத்தின் வெட்டுவாயிலும் படியும்.

பிறகு அரம். சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வில், ஒரே எண்ணிக்கைத் தேய்ப்பில் தீட்ட வேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் கூராக இருந்தால் ரம்பம் நேராக இறங்காமல் கோணும். கூர் மழுங்கியதை எப்படி அறிவது என்று கேட்டோம். வாடிக்காரர் தரையிலிருந்து ஒரு பிடி தூளை அள்ளிக் காட்டினார். “சீவலாக விழுந்தால் பல் தின்கிறது என்று பொருள், ஐயா. மாவாக விழுந்தால் தேய்க்கிறது என்று பொருள்.” மழுங்கிய ரம்பத்தை ஆள் தன் பலத்தால் அழுத்துகிறான், அழுத்தும்போது பட்டை கிழிகிறது, அலகின் மேல்நுனி எங்கேனும் பட்டுவிட்டால் மிஷின் எகிறி முகத்தை நோக்கி உதைக்கிறது. ஆக, மழுங்கிய பல் மரத்துக்கும் கேடு, மனிதனுக்கும் கேடு.

அறுக்கப்படும் பிராணியின் பொருட்டுக் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொல்லும் நபிமொழியை நாம் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடம் சொல்லி வந்திருக்கிறோம். எல்லாவற்றின் மீதும் ‘இஹ்ஸான்’ விதிக்கப்பட்டிருக்கிறது என்பதன் விளக்கமாக அது வருவது. அச்சொல்லுக்கு அழகுறச் செய்தல் என்று பொருள் கூறுவோம், அகராதிகளை விரிப்போம். வலியைக் குறைப்பதற்கு முதலில் வேண்டப்படுவது கனிந்த நெஞ்சம் அன்று, தீட்டிய விளிம்பு என்பது அந்தக் கொட்டகையில்தான் நமக்கு விளங்கிற்று. இரக்கமுள்ளவன் கையில் மழுங்கிய கத்தி இருந்தால் அவன் இரக்கம் பிராணிக்குப் பயன்படுவதில்லை.

கடைசியாகக் கயிறுகள். ஆளைத் தாங்கும் கயிறு வேறு, அறுத்த கிளையைக் கட்டி இறக்கும் கயிறு வேறு. ஒன்றின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுக்கலாகாது என்பது அத்தொழிலின் முதல் விதி. கிளை அறுபட்டு விழுந்து கயிற்றில் நிற்கும் அந்த ஒரு நொடியில் அதன் எடை பன்மடங்காகிக் கயிற்றை இழுக்கிறது. அந்த அதிர்ச்சியில் உள்நார்கள் சில அறும். வெளியே ஒன்றும் தெரியாது. வெயில் நைலானை உலர்த்தி நொய்யதாக்கும். மணல் உள்ளே புகுந்து வளையும்போதெல்லாம் நாரை அரைக்கும். பாட்டரித் திராவகம் ஒரு சொட்டு பட்டால் அந்த இடம் செத்துவிடும். ஆகவே கயிற்றைக் கழுவி, நிழலில் உலர்த்தி, முளையில் மாட்டி, மறுநாள் எடுக்கும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வீங்கின இடம், மெலிந்த இடம், விறைத்த இடம் இருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். இவையெல்லாம் வாடிக்காரர் நமக்குச் சொன்னவை. அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

நம் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் இடையே ஒரு வேம்பு. யார் நட்டது என்று இரு வீட்டாருக்கும் தெரியாது. அடி நம் பக்கம் இருக்கிறது. கிளைகளில் பாதி அவர் பக்கம். அவருடைய மாடியில் இலை உதிர்ந்து மழைநீர்க் குழாயை அடைக்கிறது என்று ஒவ்வொரு மழைக்கு முன்பும் சொல்வார். பக்கத்து மனையின் வான்வெளியில் நீண்ட கிளைக்கு என்ன தீர்ப்பு என்பதை நம் பிக்ஹு நூல்கள் மறக்கவில்லை. இப்னு குதாமாவின் ‘அல்முக்னீ’யில் சமரசம் பற்றிய பாடத்திலேயே அது வருகிறது: மரத்துக்குரியவன் அக்கிளையை விலக்கிக்கொள்ளக் கடமைப்பட்டவன், வளைத்துக் கட்டியும் விலக்கலாம், வெட்டியும் விலக்கலாம். சட்டம் பாடமாக இருக்கும் வரை இனிக்கிறது. நம் வேம்பின்மீது வந்து நின்றபோது நாமும் பல ஆண்டுகள் அதைத் தள்ளிப்போட்டோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

2019ஆம் ஆண்டு புரட்டாசியில் வாடிக்காரரை அழைத்தோம். அண்டை வீட்டுக்காரர் அடியோடு எடுத்துவிடச் சொன்னார். நமக்கும் அதுவே வசதி என்று தோன்றிற்று. ஒருமுறை செலவு, பிறகு தொல்லை இல்லை.

இவ்விடத்தில் அத்தொழிலின் நடுநாயகமான ஒரு சிக்கல் இருக்கிறது. வெட்டலாமா என்று கேட்கப்படுகிறவனும், வெட்டினால் கூலி பெறுகிறவனும் ஒருவனே. முழு மரத்தை வெட்டினால் கூலியும் பெரிது, வாடிக்கு வந்து சேரும் மரமும் பெரிது. “உள்ளே பொந்து விழுந்துவிட்டது, இந்த மழைக்குத் தாங்காது” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; ஏறிப் பார்த்து மறுக்கப்போகிறவர் யாருமில்லை. மருத்துவனுக்கும், கொத்தனுக்கும், சொல்லப்போனால் ஃபத்வா கொடுக்கும் நம்மைப் போன்றோருக்கும் இச்சோதனை உண்டு. மருத்துவம் அறியாமலே மருத்துவம் செய்தவன் தான் விளைத்த கேட்டுக்குப் பொறுப்பாளி என்று நபிமொழி உண்டு. அறிந்தும் தன் ஆதாயத்துக்காக வேறு சொல்கிறவன் அவனிலும் கீழானவன் அல்லவா?

வாடிக்காரர் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார், சுற்றிவந்தார், ஏறி இறங்கினார். “மரம் நல்ல மரம், ஐயா. பட்டுப்போன கிளை இரண்டு, அந்த வீட்டுப் பக்கம் நீண்டது மூன்று. அவ்வளவுதான் எடுக்க வேண்டும். மொட்டை அடித்துவிட்டால் அடுத்த வருடம் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும், அந்தத் துளிரெல்லாம் பட்டையோடு மட்டும் ஒட்டி நிற்கும், காற்றுக்கு நிற்காது.” அண்டை வீட்டுக்காரரிடம் மாடியோரம் தாமே அழைத்துப்போய்க் காட்டிச் சம்மதிக்க வைத்தார். தம் வருவாயில் பெரும்பங்கைத் தாமே வேண்டாமென்று சொன்ன அம்மனிதரிடம்தான் நாம் பிறகு பேரம் பேசினோம்.

அவர் செய்யவிருந்த வேலையின் நுட்பத்தையும் சிறிது சொல்லிவிடுவோம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த ஒரு வளையம் இருக்கும். அதைத் தண்டை ஒட்டி வழித்து அறுப்பதும் பிழை. அதற்கு வெளியே முழம் நீளக் கட்டையை விட்டுவைப்பதும் பிழை. வளையத்துக்கு மிக அருகே, அதைத் தொடாமல் அறுக்க வேண்டும். அதற்கு முன் சற்றுத் தள்ளி, அடிப்பக்கம் ஒரு வெட்டும் மேற்பக்கம் ஒரு வெட்டும் இட்டுக் கிளையின் எடையை இறக்கிவிட வேண்டும். இல்லாவிடில் விழும் கிளை தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்னும் அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, 1977இல் வெளியிட்ட ஆய்வில் இதன் காரணத்தை விளக்கினார். மனிதன் உடலில் புண்பட்ட சதை ஆறிப் புதுச் சதை வருகிறது. மரத்தில் அப்படியன்று, காயம்பட்ட கட்டை காயம்பட்டதாகவே என்றும் உள்ளே இருக்கிறது. மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளர்ந்துகொள்கிறது. அச்சுவருக்கான வலிமை அந்த வளையத்தில் இருக்கிறது. அதை வழித்துவிட்டால் அழுகல் தண்டுக்குள் இறங்கும். பொந்தில் சிமெண்டை அடைத்துப் பூசும் பழைய வழக்கம் மரத்துக்கு உதவாது என்பதும் அவ்வாராய்ச்சிகளால் விளங்கிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் எழுதிய ‘கிதாபுல் ஃபிலாஹா’ கிளை கழித்தலையும் ஒட்டுக் கட்டுதலையும் விரிவாகப் பேசுகிறது. இத்துறை கல்விக்கு வெளியே கிடந்த கூலிவேலை அன்று என்பதற்காக இதனைக் குறிக்கிறோம்.

கவனிக்க வேண்டியது யாதெனில், தவறாக அறுத்த மரம் மறுநாளே வாடுவதில்லை. தளதளவென்று துளிர்க்கும், வீட்டுக்காரர் மகிழ்வார். அழுகல் உள்ளே இறங்கிப் பத்து ஆண்டுகள் கழித்து ஒரு புயலில் அது முறியும்போது, அறுத்தவன் யார் என்பதை எவரும் நினைக்கமாட்டார். புயலைப் பழிப்பார்கள்.

வாடிக்காரர் ஆறாயிரம் ரூபாய் கேட்டார். நாம் ஐயாயிரம் என்றோம். அவர் இரண்டு ஆள், இரண்டு நாள், மிஷின் செலவு என்று கணக்குச் சொன்னார். நாம் விறகை அவரே எடுத்துக்கொள்ளலாம் என்றும், தெரிந்தவர் என்றும், ஆசிரியர் வருமானம் தெரியாததா என்றும் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே ஒப்பினார். அன்றிரவு வீட்டில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்ததைப் பெருமையோடு சொன்னோம்.

இரண்டாம் நாள் முற்பகல் ஏறியவன் வாடிக்காரரின் அக்காள் மகன், வயது இருபத்திரண்டு. இடுப்பில் வார் இருந்தது. தலையில் கவசம் இருந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலை வளாகங்களில் வேலைக்குப் போவதற்காக அவற்றை வாங்கியிருந்தனர். அங்கே அவையின்றி வாயிலுக்குள்ளேயே விடமாட்டார்கள். மேற்கிளையை எடுத்துவிட்டு அவன் கயிற்றில் சாய்ந்து இறங்கத் தொடங்கிய கணத்தில் கயிறு அறுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவன் மதிற்சுவரின் மேல் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தான். கவசம் தலையைக் காத்தது. தொடையெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. திருத்தணிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் கொண்டுபோனார்கள். உயிர் தப்பினான். இடக்கால் இன்றும் கட்டையாகவே இருக்கிறது. மரம் ஏற முடியாது.

பல வாரங்கள் கழித்து வாடிக்காரரிடம் அந்தக் கயிற்றைப் பற்றிக் கேட்டோம். அவர் மறைக்கவில்லை. அது கிளை இறக்கப் பயன்பட்ட கயிறு. ஆள் கயிறு பழசாகிக் கழித்தாகிவிட்டது, புதிது வாங்கவில்லை. “இந்த வேலைப் பணத்தில் வாங்கலாம் என்று நினைத்தேன், ஐயா. அப்புறம் அடுத்த வாரம் ஆலை வேலைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.” புதுக் கயிறு என்ன விலை என்றோம். சிறிது தயங்கினார். “ஆயிரம் ஆயிரத்து இருநூறு ஆகும்.”

அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. அந்தத் தயக்கம் ஒன்றுதான். அதை நாம் இன்றுவரை மறக்கவில்லை.

குற்றம் யாருடையது? நூல் கற்றவன் முதலில் நூலுக்குத்தான் ஓடுவான், நாமும் ஓடினோம். உதுமானியப் பேரரசில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் ஹனபி சட்டத் தொகுப்பின் தொடக்கத்தில் பொது விதிகள் உள்ளன. நேரடியாகக் கேடு செய்தவன், எண்ணிச் செய்யாவிடினும் பொறுப்பாளி. காரணமாக மட்டும் அமைந்தவன், எண்ணிச் செய்திருந்தாலன்றிப் பொறுப்பாளி அல்லன். இருவரும் சேர்ந்திருக்கும்போது தீர்ப்பு நேரடியாகச் செய்தவனையே சாரும். இவ்விதிகளின்படி நம்மீது ஒன்றும் இல்லை. கயிற்றைக் கொடுத்தவர் வாடிக்காரர். கட்டிக்கொண்டவன் அவன். நாம் காரணத்துக்கும் காரணமாய், எங்கோ தொலைவில் நிற்கிறோம். பேரம் பேசுவது ஆகுமான செயல். இருவர் மனமொப்பிய விலை செல்லும். எந்தக் காஜியிடம் போனாலும் நாம் விடுதலை.

ஆனால் அதே ஹனபி அறிஞர்கள் மற்றொரு வேறுபாட்டையும் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஒரு செயலின் தீர்ப்பு ‘களாஅன்’ ஒன்றாகவும் ‘தியானத்தன்’ வேறொன்றாகவும் இருக்கக்கூடும். அதாவது நீதிபதியின் முன் ஒன்று, அடியானுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையே வேறொன்று. நீதிபதி வெளியே தெரிவதைக் கொண்டுதான் தீர்ப்பளிக்க முடியும். நாம் மட்டும் அறிந்த ஒன்று இதில் உண்டு: வாடிக்காரர் கேட்டது நியாயமான கூலி என்பது பேரத்தின்போதே நமக்குத் தெரியும். அவ்வாடியில் பல மாலைகள் அமர்ந்து அரத்தின் தேய்மானத்தையும் கயிற்றின் ஆயுளையும் கேட்டறிந்தவர்கள் நாம். அறியாதவன் பேரம் பேசினால் அது அறியாமை. நாம் அறிந்து பேசினோம்.

“அவர் மறுத்திருக்கலாமே” என்று நண்பர் ஒருவர் நமக்கு ஆறுதல் சொன்னார். மறுத்திருக்கலாம்தான். எனினும் ஒன்றைக் கருதுக. விலையைக் குறைக்க ஒப்பியவர் வாடிக்காரர். குறைத்துக் கேட்டவர் நாம். கயிற்றில் தொங்கியவனோ அந்தப் பேச்சில் இல்லை. இருவர் தம்முள் மனமொப்பினர். அந்த ஒப்புதலின் விலையை மூன்றாமவன் கொடுத்தான். என் பொருளை நான் குறைத்து விற்கலாம், நீ வாங்கலாம். நாம் இருவரும் சேர்ந்து இன்னொருவனின் காலைப் பங்கிட்டுக்கொள்ள நமக்கு எந்த நூல் உரிமை தருகிறது?

குறைக்கப்பட்ட ஆயிரம் ரூபாய் ஏன் கயிற்றில் போய் விழுந்தது என்பதையும் சிந்தித்தோம். வாடிக்காரர் பெட்ரோலில் குறைத்திருக்க முடியாது, மிஷின் நின்றுவிடும். அரத்தில் குறைத்திருக்க முடியாது; ரம்பம் இறங்காது. வண்டி வாடகையிலும் முடியாது, வண்டி வராது. தன்னைக் கவனிக்காவிட்டால் உடனே முறையிடும் பொருள்கள் இவை. எஞ்சின் இருமும், சங்கிலி புகையும், ஆள் கூலி கேட்பான். கயிறு ஒன்றுதான் ஒன்றும் சொல்லாமல் நேற்றுப் போலவே இன்றும் தொங்கிக்கொண்டிருக்கும். மரமும் அப்படியே. அடித்துப் பிடித்துக் குறைக்கும் விலையெல்லாம் முதலில் தின்பது வாயில்லாதவற்றின் பங்கைத்தான். பள்ளிக்கூடக் கட்டடத்தின் கம்பி, பாலத்தின் சிமெண்டு, மருந்தின் வீரியம் எல்லாம் இவ்வரிசையில் வந்து நிற்கின்றன.

ஆலைக்குப் போகும்போது வாங்கவிருந்த கயிறு நம் வீட்டுக்கு வரும்போது ஏன் வாங்கப்படவில்லை என்பதற்கும் விடை இதுவே. அங்கே ஒருவர் கேட்கிறார். கேட்பதால் அதன் செலவு விலையில் சேர்ந்துவிடுகிறது, அவ்விலையைக் கொடுக்கிறார்கள். நாம் ஒரு தடவையாவது, “தம்பி ஏறுகிற கயிறு எங்கே, காட்டுங்கள்” என்று கேட்டிருந்தால், ஆறாயிரத்தை ஐயாயிரமாக்கும் துணிவு நமக்கு வந்திராது. கேட்காதிருப்பதில் ஓர் ஆதாயம் இருந்தது. அந்த ஆதாயத்துக்காகவே கேட்காதிருந்தோம் என்று இன்று ஐயுறுகிறோம். இதைவிடக் கூர்மையாக நம்மைக் குற்றம் சாட்ட நமக்குத் தெரியவில்லை.

அரபியில் ஒப்பந்தத்துக்கு ‘அக்து’ என்பது சொல். அதன் வேர்ப்பொருள் முடிச்சு. கயிற்றுக்கு ‘ஹப்லு’ என்பது சொல். அதே சொல் உடன்படிக்கையையும், அடைக்கலம் என்னும் உறுதியையும் குறிக்கும். பாலைவனத்து மக்கள் ஒருவனைப் பாதுகாப்போடு அனுப்புவதைக் கயிறு கொடுப்பதாகக் கண்டனர். பாடம் சொல்லும்போது இவற்றை நயமாக எடுத்துக்காட்டி மாணவரை வியக்கவைத்திருக்கிறோம். நம் முற்றத்தில் முடிச்சும் இருந்தது, கயிறும் இருந்தது.

நிற்க. வாடிக்காரரை முற்றிலும் விடுவித்து நம்மைமட்டும் வருத்திக்கொள்வதும் ஒருவகைப் பெருமையே. அவர் விதியை அறிந்தவர், மீறினார். அதை அவரும் மறுக்கவில்லை. மருத்துவச் செலவில் பெரும்பகுதிக்கு ஒரு மிஷினை விற்றார். நாம் அந்த ஆயிரத்தையும், அதற்கு மேல் நம்மால் இயன்றதையும் கொடுத்தோம். அவர் முதலில் வாங்க மறுத்தார்; “பேசிய கூலி வந்துவிட்டது” என்றார். இது கூலி அன்று, கடன் என்றோம். அவருக்கு அது விளங்கிற்றோ என்னவோ, பையன் கையில் கொடுக்கச் சொன்னார். தென்னை ஏறுவோருக்கெனத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வேம்பில் ஏறி விழுந்தவனுக்கு அது பொருந்தாது. எந்த மரத்திலிருந்து விழுந்தாலும் எலும்பு ஒன்றுதான்.

அந்த இளைஞன் இப்போது வாடியிலேயே இருக்கிறான். ஏறுவதற்குப் பதில் கருவிகளைப் பேணும் பொறுப்பு அவனுடையது. ஒரு முக்காலியில் இடக்காலை நீட்டி அமர்ந்து சங்கிலிக்கு அரம் போடுகிறான். நோய்ப்பட்ட மரத்தை அறுத்துவந்த ரம்பத்தைத் துடைத்து மருந்திட்டுக் கழுவாமல் அடுத்த மரத்துக்கு அனுப்புவதில்லை. அண்மை ஆண்டுகளில் நம் பக்கத்து வேம்புகளுக்கு நுனி கருகும் நோய் கண்டிருப்பதால் அதில் மிகவும் கண்டிப்பு. புதிதாக வாங்கும் ஆள் கயிறு ஒவ்வொன்றின் முனையிலும் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதித் தகட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். கிளைக் கயிறுகளின் முனையில் சிவப்புச் சாயம். ஏறப்போகும் ஆள் யாராயினும், மாமனாகவே இருந்தாலும், அவன் கண்முன் கயிற்றை விரலில் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும்.

இவ்வாண்டும் மழைக்கு முன் வேம்பைப் பார்க்க வாடிக்காரர் வந்தார். 2019இல் அறுத்த இடங்களைச் சுற்றிப் பட்டை உதடு போல எழுந்து, ஏறக்குறைய வட்டமாக மூடிக்கொண்டு வருகிறது. ஓரிடத்தில் மட்டும் மூடவில்லை. பையன் விழுந்த அன்று பாதியில் நின்று, பிறகு வேறொருவர் அவசரமாக முடித்த வெட்டு அது. ஒரு நாளைக்குத் தேவையான வேலை என்றார். கூலி சொன்னார், சரி என்றோம். கயிற்றைப் பார்க்க வேண்டும் என்று வாடிக்குப் போனோம்.

இளைஞன் கழித்த பழைய கயிறு ஒன்றை முழம் முழமாக நறுக்கிக்கொண்டிருந்தான். நன்றாகத்தானே தெரிகிறது, ஏன் நறுக்குகிறாய் என்றோம். முழுதாகக் கிடந்தால் யாரேனும் ஒருநாள் அவசரத்துக்கு எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். விறகுக் கட்டு கட்டுவதற்கு முழக்கயிறு போதும் என்றான். புதுக் கயிற்றை எடுத்து, தகட்டைத் திருப்பி, மாதத்தைப் படித்துக் காட்டினான். பிறகு அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டான்: “உங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிறு வாங்கி எத்தனை வருடம் ஆகிறது, ஐயா?”

நமக்குச் சொல்லத் தெரியவில்லை.